ஆயாவின் டின்னில் இருக்கும் காசு நாளைக்கு என்ன விலை போகும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய வீடு ஒன்றைக் காலி செய்தால் எங்கேயாவது ஒரு பிஸ்கட் டின் அகப்படும். மேலே நூல்கண்டும் பொத்தானும் இருக்கும்; அடியில் காசு கிடக்கும். இந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் ஆயா வைத்துவிட்டுப் போன டின்னில் ஏழெட்டு டிக்கி (மூன்று பென்னிக் காசுக்கு இந்த ஊர்ப் பெயர் அதுதான்), ஐந்து ஷில்லிங் வெள்ளி ஒன்று, கைபட்டுத் தேய்ந்த பென்னிகள், துணியில் முடிந்த ஒரு பவுன் எல்லாம் இருந்தன. போன தீபாவளிக்கு என் தங்கை மகன் அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "மாமா, இதையெல்லாம் இப்போதே விற்கலாமா, பத்து வருடம் வைத்திருக்கலாமா?" என்று கேட்டான்.

இருபது ஆண்டுக்கு மேலாகக் காசு சேர்க்கிறேன். சரியாகக் கணித்ததும் உண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டதும் உண்டு. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நாளைய விலையைத் தேதி போட்டுச் சொல்ல யாராலும் ஆகாது. ஆனால் எந்தக் காசு எதனால் ஏறுகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், எது ஏறாது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். புதியவருக்குப் பணம் மிச்சமாவது அதில்தான்.

முதலில் டின்னைப் பிரியுங்கள்

மூன்று குவியல் போதும். உலோகத்துக்காக விலை போகிறவை ஒன்று. அருமைக்காக விலை போகிறவை ஒன்று. இரண்டுக்கும் இல்லாமல் நினைவுக்காக மட்டும் வைத்திருப்பவை ஒன்று. இந்த மூன்றும் ஒரே சந்தையில் இல்லை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கலாம். புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, 'பழைய காசு' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது.

வெள்ளியைப் பிரிக்க ஆண்டைப் பாருங்கள். தென்னாப்பிரிக்க யூனியன் காலத்து (குடியரசு ஆவதற்கு முந்தைய) வெள்ளிக் காசுகளில் 1923 முதல் 1950 வரை 80 விழுக்காடு வெள்ளி. 1951 முதல் 50 விழுக்காடு. 1961 பிப்ரவரி 14 அன்று பவுண்டும் ஷில்லிங்கும் போய் ராண்டும் செண்டும் வந்தன. அந்தப் புதிய வெள்ளிக் காசுகளிலும் 1964 வரை அதே 50 விழுக்காடு இருந்தது. 1965இல் அந்த இடத்தை நிக்கல் பிடித்துக்கொண்டது. ஆகவே 1947இல் மன்னர் குடும்பம் வந்துபோனதற்காக அடித்த ஐந்து ஷில்லிங்கும், 1952இல் டச்சுக்காரர் வான் ரிபீக் இங்கே குடியேற வந்து முந்நூறு ஆண்டு ஆனதற்காக அடித்த ஐந்து ஷில்லிங்கும் கைக்கு ஒரே கனமாக இருந்தாலும், 28.28 கிராமில் முன்னதில் ஏறக்குறைய 22.6 கிராம் வெள்ளி, பின்னதில் 14 கிராம்தான். இரண்டும் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை. தேய்ந்த நிலையில் இருந்தால் இரண்டையும் யோசிக்காமல் உலோகக் குவியலில் போடுங்கள்.

பவுன் நமக்குப் பழக்கமானது. எட்டு கிராமைப் பவுன் என்று நாம் சொல்வதே இந்தப் பிரிட்டிஷ் தங்கக் காசின் எடையிலிருந்து வந்த வழக்கம்தான். காசின் உண்மையான எடை 7.98 கிராம், 22 காரட், அதில் தூய தங்கம் 7.32 கிராம். பிரிட்டோரியாவில் லண்டன் நாணயச்சாலையின் கிளை திறந்தபின் 1923 முதல் 1932 வரை இங்கேயும் பவுன் அடித்தார்கள். எஸ்ஏ என்ற சின்னக் குறி இருக்கும். அதில் 1923, 1924 ஆண்டுகள் மிகவும் அரியவை. பின்னாளில் வந்தவை ஏராளம். பல வீடுகளில் காசுமாலைக்காகப் பவுனில் வளையம் பற்றவைத்திருப்பார்கள். பற்றவைத்த கணத்திலேயே அது சேகரிப்பாளரிடமிருந்து விலகி ஆசாரியிடம் போய்விட்டது. வருத்தம்தான், ஆனால் தங்கம் தங்கமாக அப்படியே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் தங்கக் காசான க்ரூகராண்டும் இந்தக் குவியல்தான். 1967இல் வந்தது, 33.93 கிராம் எடையில் 31.1 கிராம் தூய தங்கம். அதன்மேல் எத்தனை ராண்ட் என்ற முகமதிப்பே அச்சிட்டிருக்காது. மதிப்புக்கூட்டு வரியும் அதற்குக் கிடையாது. வேறு பல நினைவுக் காசுகளைக் கடையில் புதிதாக வாங்கும்போது 15 விழுக்காடு வரி விலையோடு சேர்ந்துவிடுகிறது. அந்தப் 15ஐ ஈடுகட்டிய பிறகுதான் உங்களுக்கு லாபக் கணக்கே தொடங்கும்.

தங்கத்தின் போக்கைக் கணிக்கிறேன் என்று உட்காருகிறவர் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: டாலரில் தங்கம், ராண்டில் டாலர். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், இருபது ஆண்டு கழித்து 250 டாலரை ஒட்டிக் கிடந்தது. அவ்வளவு காலம் பொறுத்திருக்க யாரால் முடியும்? 2011இல் 1,900 டாலர் வரை போய், 2015 இறுதியில் 1,050 அளவுக்கு இறங்கியது. ஆனால் அதே காலத்தில் டாலர் 7, 8 ராண்டிலிருந்து 15 ராண்டுக்கு ஏறியதால், டர்பனில் க்ரூகராண்ட் வைத்திருந்தவருக்கு விழுந்ததே தெரியவில்லை. 2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியபோது ராண்ட் கொஞ்சம் வலுத்திருந்தும் ஏற்றத்தை மறைக்க முடியவில்லை. இங்கே தங்கம் வாங்குகிறவர் பாதி அளவுக்கு ராண்டின் தலைவிதியின் மேல் பணம் கட்டுகிறார் என்பது என் கருத்து.

ஒரு நோட்டு வாங்குங்கள்

கேட்ட விலையை எழுதாதீர்கள்; கைமாறிய விலையை எழுதுங்கள். ஒரு காசுக்கு விற்கிறவர் லட்சம் கேட்கலாம். கேட்பதற்குக் காசா கொடுக்கிறார்? ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகைதான் செய்தி. தேதி, காசு, ஆண்டு, நிலை, கைமாறிய தொகை என்று ஐந்து கட்டம் போட்டு மாதம் பத்து வரி எழுதினால் ஓராண்டில் எந்தக் கடைக்காரரிடமும் நிமிர்ந்து பேசலாம்.

கூடவே ஆறாவது கட்டம் ஒன்று போடுங்கள். அன்றைக்கு ஒரு க்ரூகராண்ட் என்ன விலை என்று அதில் குறியுங்கள். ராண்ட் தேய்கிற நாட்டில் ராண்டால் மட்டும் அளந்தால் எல்லாக் காசும் ஏறுவதுபோலவே தெரியும். 2011இல் ஒரு க்ரூகராண்டுக்குச் சமமாக, 14,000 ராண்ட் அளவில் ஒருவர் ஓர் அரிய காசை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்று 28,000க்கு விற்றால் இரட்டிப்பு என்று மகிழ்வார். ஆனால் 2025 இறுதியில் க்ரூகராண்ட் 70,000 ராண்டை ஒட்டி நின்றது. தங்கக் கணக்கில் அவருடைய காசு பாதிக்கும் கீழே போயிருக்கிறது. நோட்டில் இந்தக் கட்டம் இல்லாதவர் தன்னைக் கெட்டிக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்

அருமைக் குவியலுக்கு இதுதான் அடிப்படை. 1898இல் போயர்களின் (டச்சு வழி வெள்ளையர்) குடியரசில் சாமி மார்க்ஸ் என்ற தொழிலதிபருக்கு நாணயச்சாலையில் கிடைத்த சலுகையில் தங்கத்திலேயே டிக்கி அடித்துக்கொண்டார், மொத்தம் 215. 1902இல் அவர்கள் பிரிட்டனோடு நடத்திய போயர் போர் முடியும் தறுவாயில் பில்கிரிம்ஸ் ரெஸ்ட் என்ற ஊரில் கைக்கு அகப்பட்ட கருவிகளைக் கொண்டு அடித்த வெல்ட் பொண்ட் (பொண்ட் என்பது அவர்களின் தங்கப் பவுண்டு) 986. 1899 என்று காட்ட 1898 காசின் மேல் ஒற்றை 9 குத்திய பொண்ட் உலகில் ஒன்றே ஒன்று. 2010இல் அது ஏறத்தாழ 2 கோடி ராண்டுக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. இவற்றின் எண்ணிக்கை இனி கூடாது. உங்கள் டின்னில் இவை இருக்கவும் இருக்காது. இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் போலி என்றே முதலில் நினையுங்கள்.

அருமையோடு ஒரு கதையும் சேர்ந்தால் விலை நெடுங்காலம் நிற்கும். போயர் குடியரசுத் தலைவர் க்ரூகரின் உருவத்தோடு 1892இல் பெர்லினில் உருவான காசுகளில், செதுக்கியவர் ஓட்டோ ஷுல்ஸ் தம் பெயரின் முதலெழுத்துகளான ஓ, எஸ் இரண்டையும் க்ரூகரின் தோளடியில் போட்டுவிட்டார். சேர்த்துப் படித்தால் 'ஓஸ்', அதாவது போயர்களின் மொழியில் எருது! போதாததற்கு, காசின் மறுபக்கத்து வண்டிக்குப் போயர் வண்டியின் ஒற்றை ஏர்க்காலுக்குப் பதில் ஐரோப்பிய வண்டிபோல இரட்டைக் கால் வேறு. சனங்கள் சிரித்துத் தீர்த்தபின் இரண்டையும் மாற்றினார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகியும் சேகரிப்பாளர் அந்த இரட்டைக் காலைத்தான் முதலில் தேடுகிறார்.

இனி என் துண்டுக் கதைக்கு வருகிறேன். மண்டேலாவின் 90ஆம் பிறந்தநாளுக்காக 2008இல் ஐந்து ராண்ட் காசு ஒன்று வந்தது. பல லட்சங்களில் அடிக்கப்பட்டு, பெட்ரோல் நிலையத்தில் மீதிச் சில்லறையாகக் கையில் விழுந்த காசு. அதைப் பொறுக்கி, தரச்சான்றுக்கு அனுப்பி, எண் போட்ட பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து, ஆயிரக்கணக்கான ராண்டுக்கு விற்கத் தொடங்கினார்கள். 70 வரை போகும் தர அளவுகோலில் ஒரு புள்ளி கூடினால் விலை பல மடங்கு. 2011இல் ஒரு கண்காட்சியில் ஒரு வியாபாரியிடம், ஒன்று 3,000 ராண்ட் வீதம் நான்கு கூடு வாங்கினேன். "அண்ணா, இது பென்ஷன்" என்றார் அவர். என் மனைவி என்ன சொன்னாள் என்பதை எழுதப்போவதில்லை.

நடந்தது என்னவென்றால், விலை ஏற ஏற, வீட்டில் சும்மா கிடந்த காசுகளையெல்லாம் எல்லாரும் தரச்சான்றுக்கு அனுப்பினார்கள். உயர்ந்த புள்ளி வாங்கிய காசுகளின் எண்ணிக்கை மாதாமாதம் பெருகியது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல விற்பதற்காக வாங்குகிறவர்கள். பேழையில் வைத்துப் பார்த்து மகிழ வாங்கியவரை நான் சந்தித்ததாக நினைவே இல்லை. புதிதாக வருகிற ஆள் நின்றான். அன்றோடு எல்லாரும் விற்கிறவர்கள். 2013 டிசம்பர் 5 அன்று மண்டேலா மறைந்தபோது கொஞ்சம் சலசலப்பு வந்தது, அப்போதும் நான் விற்கவில்லை, இன்னும் ஏறும் என்று இருந்தேன். இன்று அந்த நான்கும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கடைசியாகக் கேட்டபோது ஒருவர், கூட்டுக்கும் சேர்த்து 60 ராண்ட் சொன்னார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் தாங்கள் தரம் போட்ட காசுகளின் எண்ணிக்கையைப் பொதுவில் வைக்கின்றன. வாங்க நினைக்கிற காசின் எண்ணிக்கையை இன்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 40 என்பது 42 ஆகியிருந்தால் கவலையில்லை. 400 என்பது 700 ஆகியிருந்தால் பையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஆறு மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாமல், இன்றே வாங்காவிட்டால் போய்விடும் என்று யாராவது அவசரப்படுத்தினால் அதுவும் ஒரு தகவல்தான்.

தேடுகிற ஆளின் வயதைக் கணக்கிடுங்கள்

எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் விலை வராது. தேடுகிற கை வேண்டும். என் அனுபவத்தில் மக்கள் பெரும்பாலும் சின்ன வயதில் தாங்கள் கையில் பிடித்த காசைத்தான் ஐம்பது வயதுக்கு மேல் தேடுகிறார்கள். பிள்ளைகள் படித்து முடித்திருப்பார்கள், கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், மிட்டாய் வாங்கிய காசின் மேல் ஏக்கம் வரும்.

இதை டிக்கிக்குப் போட்டுப் பாருங்கள். கோவிலுக்குப் போகும்போது கையில் டிக்கி வாங்கிக்கொண்ட தலைமுறைக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். தேடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டின்கள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் ஆள் குறைவு, மறுபக்கம் சரக்கு அதிகம். தேய்ந்த சாதாரண யூனியன் காசுகள் வெள்ளி விலையைத் தாண்டி ஓடும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1931 டிக்கி போன்ற சொற்பமாக அடிக்கப்பட்டவை தனி. அவற்றை ஏக்கத்தால் யாரும் வாங்குவதில்லை, வரிசையை நிரப்ப வாங்குகிறார்கள்.

1994இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2034இல் ஐம்பது. அவன் கையில் புழங்கியது ஒரு செண்ட், இரண்டு செண்ட், ஐந்து செண்ட். முதலிரண்டும் 2002இல் நின்றன, ஐந்து செண்ட் 2012இல் நின்றது. கோடிக்கணக்கில் இருந்தவைதான், ஆனால் புதுக்கருக்கு அழியாமல் வைத்திருப்பவர் எத்தனை பேர்? எல்லாரும் ஜாடியில் கொட்டி உரசவிட்டார்கள். அந்த ஆண்டுகளின் புழக்கக் காசு, கீறல் இல்லாத நிலையில், இன்று ஏறக்குறைய சும்மா கிடைக்கிறது. என் பந்தயம் அதன் மேல்தான், சிறு தொகைக்கு.

அதற்கும் பிந்தியவர்களைப் பற்றி அவ்வளவு உறுதி இல்லை. அட்டையைத் தட்டிப் பணம் கட்டுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் காசின் மேல் ஏக்கம் எங்கிருந்து வரும்? 2023இல் ரிசர்வ் வங்கி புதிய வரிசையைக் கொண்டுவந்தது: பத்து செண்டில் தேனீ, ஐம்பது செண்டில் நைஸ்னா தூராக்கோ பறவை, ஐந்து ராண்டில் திமிங்கிலம். அழகான காசுகள். பார்க்க ஆள் வேண்டுமே.

திரும்பப் பெறப்பட்டவற்றுக்கு மட்டும் இந்த வயதுக் கணக்கு பொருந்தாது. நமக்கு நெருக்கமான உதாரணம் மொரீசியஸ். அங்கே 1998இல் வந்த புதிய நோட்டுகளில், வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து வரும் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டுவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழ, நோட்டுகளை மீட்டு, வரிசையைத் திருத்தி மறுபடி அச்சிட்டார்கள். அந்த 1998 நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. விலைக்காக வைத்திருக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

நினைவு ஆண்டுகளைக் குறித்துவையுங்கள், ஆனால் எதிர்த்திசையில் நடங்கள். 2017இல் க்ரூகராண்டுக்கு ஐம்பது. 2018இல் மண்டேலா நூற்றாண்டு. அப்போதெல்லாம் சிறப்பு வெளியீடும் விளம்பரமும் களைகட்டின. 2027இல் க்ரூகராண்டுக்கு அறுபது வருகிறது. விற்க நினைப்பவர் அதற்குச் சில மாதம் முன்னால் விற்கட்டும். வாங்க நினைப்பவர் மேளம் அடங்கி இரண்டு ஆண்டு ஆகட்டும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

எங்கள் அம்மா குத்துவிளக்கு துலக்கிய கையோடு அந்த ஐந்து ஷில்லிங்கையும் புளி போட்டுத் துலக்கிவிட்டார். பளபளவென்று இருக்கிறது, சேகரிப்பாளரின் பார்வையில் பாதி செத்துவிட்டது. காசின் மேல் படிந்த பழமை நிறம்தான் அதன் சான்று. அழுக்காக இருந்தால் அப்படியே விடுங்கள். டர்பனின் ஈரக் காற்றுக்குச் செம்பு பச்சை பிடிக்கும். சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் காசில் பச்சைப் பிசினை ஒட்டவைக்கும், வேண்டாம்.

நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசும் வெர்னியர் அளவியும் வாங்கிவிடுங்கள். க்ரூகராண்டின் விட்டம் 32.77 மில்லிமீட்டர், பவுனின் விட்டம் 22.05. எடையும் விட்டமும் தடிப்பும் சேர்ந்து பொருந்தாத தங்கக் காசு பேசவே தகுதியற்றது. மூன்றும் பொருந்தினாலும் பெரிய தொகை என்றால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

விற்கும்போது

பழைய பொருள் வணிகத்துக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வியாபாரி காவல்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் அடையாள அட்டையைக் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காதவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாங்கிய ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். சொந்தப் பயன்பாட்டுப் பொருளை விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை; ஆனால் உலோகத்துக்காகவே விலை போகிற தங்க, பிளாட்டினக் காசுகளுக்கு அந்த விலக்கு கிடையாது. க்ரூகராண்டை விற்ற லாபம் வரிக் கணக்கில் வரவேண்டும்.

கடைக்காரர் சொல்லும் விலைக்கும் ஏலத்தில் விழும் விலைக்கும் இடையில் தரகும் காத்திருப்பும் இருக்கின்றன. உலோகக் குவியலுக்குக் கடையே போதும். மூன்று கடையில் கேட்டு, அன்றைய தங்க விலைக்கு அருகில் சொல்கிறவரிடம் கொடுக்கலாம். அருமைக் குவியல் என்றால் ஏலத்துக்குப் பொறுத்திருப்பது நல்லது.

தங்கை மகனோடு உட்கார்ந்து ஆயாவின் டின்னை அன்று மாலையே பிரித்தோம். டிக்கிகள் எல்லாம் நாற்பதுகளில் அடித்தவை, தேய்ந்தவை. வெள்ளி விலை ஏறியிருக்கும்போதே விற்கச் சொன்னேன், ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். புளி பட்ட ஐந்து ஷில்லிங் என்னிடம் வந்தது. பவுனைத் தராசில் வைத்தோம்: 7.97. ஆண்டு 1927, எஸ்ஏ குறி இருந்தது, வளையம் பற்றவைத்த தழும்பு இல்லை. ஏராளமாக அடித்த ஆண்டு, ஆகவே தங்க விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதே என்றேன். அவன் நோட்டின் முதல் வரியில் அதை எழுதி, பக்கத்தில் க்ரூகராண்ட் விலையையும் குறித்து, அடுத்த தீபாவளிக்கு மறுபடி பார்ப்பதாக அடியில் தேதி போட்டான்.